‘புத்தகத்துல போட்டிருக்கு’

2018 நவம்பர் 16 அதிகாலை. கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறிக்கொண்டிருந்தது. திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே என் புகுந்த வீட்டில் கரண்ட் போய் வெகு நேரமாகியிருந்தது. ஓடுகள் ஒவ்வொன்றாகப் பிய்த்துக்கொண்டு போகத் தொடங்கியதும் எதிர்ச்சாரியில் இருந்த மாடிவீட்டுக்கு ஓடினோம். என் இடுப்பில் ஒன்பது மாதப் பெண் குழந்தை. கணவர் மாட்டை அவிழ்த்துவிடக் கொல்லைக்குப் போயிருந்தார். மாமியார் பாதி வழியில் திரும்பி மறுபடி வீட்டுக்குள் போனார். நான் கத்தியது காற்றில் அவருக்குக் கேட்கவில்லை. கொஞ்ச நேரத்தில் ஒரு மஞ்சள் பையை மாரோடு அணைத்துக்கொண்டு வந்து சேர்ந்தார்.

விடிந்து பையைப் பிரித்தால் ரேஷன் கார்டு, பட்டா, பேங்க் புத்தகம். அவற்றோடு, உரச்சாக்கின் உள்பையை வெட்டிச் சுற்றி வைத்த பாப்பாவின் தாய் சேய் பாதுகாப்பு அட்டை.

மற்றவற்றை எடுத்தது புரிந்தது. அந்த அட்டையைப் பார்த்ததும் எனக்குப் பேச்சு வரவில்லை. ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் நான் அதை வாங்கிக்கொண்டு வந்த அன்று, இதே அத்தைதான் கையில் வாங்கி இரண்டு பக்கம் புரட்டிவிட்டு, “இந்தக் காயிதமா புள்ளைய பெத்துக் குடுக்கப்போவுது?” என்று கேட்டவர்.

இப்படி ஒரு கையேடு தாய்மாரின் நம்பிக்கையை மாற்றுமா என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களுக்காக, இடைப்பட்ட காலத்தில் என்ன நடந்தது என்பதைத்தான் எழுத நினைக்கிறேன்.

அந்த அட்டையைப் பார்த்திராதவர்களுக்காகச் சொல்கிறேன். 2010 முதல் நாடு முழுவதும் கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கிறார்கள். ரத்த அழுத்தம், எடை, ஹீமோகுளோபின் எழுதக் கட்டங்கள். தடுப்பூசி எந்தத் தேதியில் என்ற பட்டியல். உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிய அறிகுறிகள். பிள்ளையின் எடையைப் புள்ளிவைத்துப் பார்க்கும் வளர்ச்சி வரைபடம், அதில் பச்சைப் பட்டை, மஞ்சள் பட்டை. நடுவில் படங்கள். ஊரில் சிலர் ஊசி அட்டை என்பார்கள். எங்கள் வீட்டில் அதற்கு ‘நர்ஸம்மா புத்தகம்’ என்று பெயர்.

வந்த புதிதில் அதற்குக் கிடைத்த மரியாதை முழுக்கப் பணத்தால் வந்த மரியாதை. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதி உதவி 2006-இல் 6,000 ரூபாய் ஆனது, 2011-இல் 12,000, பிறகு 18,000. கர்ப்பத்தைப் பதிவு செய்து, பிக்மி நம்பர் என்கிற அரசுப் பதிவு எண் வாங்கியிருந்தால்தான் அது வரும். அந்த நம்பர் இல்லாவிட்டால் பிறப்புச் சான்றிதழுக்கும் அலைய வேண்டும். ஆகவே நம்பர் எழுதிய புத்தகம் பீரோவுக்குள், பட்டுப்புடவைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டது. செக்கப்புக்குப் போகிற நாள் மட்டும் வெளியே வரும். நானும் படிக்கவில்லை. பன்னிரண்டாவது வரை படித்தவள்தான். ஆனாலும் அது எனக்காக எழுதப்பட்டது என்ற நினைப்பே வரவில்லை. நர்ஸம்மா எழுதுவதற்கான நோட்டு, நான் அதைச் சுமந்துகொண்டு போகிறவள், அவ்வளவுதான்.

அப்புறம் மாத்திரை விஷயம் வந்தது.

கர்ப்பிணிக்குத் தினம் ஒன்று வீதம் குறைந்தது 180 நாள் இரும்புச்சத்து மாத்திரை போட வேண்டும். சிவப்பு மாத்திரை. போட ஆரம்பித்த மூன்றாம் நாளே வெளிக்குப் போவது தார் மாதிரிக் கறுப்பாக இருந்தது. அத்தையிடம் சொன்னேன். “அதான் சொன்னேன். உள்ள போற மாத்திரை இப்படிக் கறுக்குதுன்னா புள்ள என்ன நெறத்துல வரும்?” என்றார். பக்கத்து வீட்டு அக்கா இன்னொன்று சொன்னார்: மாத்திரை போட்டால் பிள்ளை பெருத்துவிடும், அப்புறம் வயிற்றைக் கிழித்துத்தான் எடுக்க வேண்டும். நான் பயந்துவிட்டேன். ஒவ்வொரு ராத்திரியும் மாத்திரையைப் பிரித்துக் கொல்லையில் வாழைக்கு அடியில் போட்டேன். மாத்திரை அட்டை காலியாகிவிடும், நர்ஸம்மா எண்ணிப் பார்த்துப் புத்தகத்தில் டிக் அடிப்பார். புத்தகத்தின்படி நான் ஒழுங்கான கர்ப்பிணி.

இதைச் சிரிக்கவேண்டிய அறியாமையாக நான் நினைக்கவில்லை. கண்ணால் பார்த்ததிலிருந்து கட்டிய முடிவு அது. கறுப்பாக வெளியேறுகிறது, ஆகவே உள்ளே கறுப்பாக்குகிறது. ஆபரேஷன் பயமும் காற்றில் வந்ததல்ல. 2019-21-இல் எடுத்த தேசிய குடும்ப நல ஆய்வில் தமிழ்நாட்டில் நடந்த பிரசவங்களில் 100-க்கு ஏறத்தாழ 45 அறுவை சிகிச்சை. தெருவில் இரண்டு பேரில் ஒருத்தி வயிற்றில் தையலோடு வருகிறாள் என்றால் மற்றவள் பயப்படாமல் என்ன செய்வாள்?

புத்தகத்தில் மாத்திரையின் படம் இருந்தது. தினமும் ஒன்று என்று இருந்தது. ஏன் கறுப்பாகப் போகிறது என்று இல்லை. எங்கள் வீட்டில் இருந்த ஒரே கேள்வி அதுதான், அதற்கு மட்டும் அங்கே பதில் இல்லை.

ஆறாம் மாதம் ஊறவைத்த அரிசியை எடுத்துத் தின்ன ஆரம்பித்தேன். பிறகு ஊறவைக்காத அரிசி. சாக்கில் கைவிட்டு அள்ளி அள்ளி வாயில் போட்டுக்கொள்வேன். மசக்கை இன்னும் விடவில்லை என்று வீட்டில் சிரித்தார்கள். ஹீமோகுளோபின் 8.8 என்று வந்தது. அரிசி, மண், சாம்பல் தின்னத் தோன்றுவது ரத்தசோகையோடு சேர்ந்து வருகிற ஒன்று என்பது அப்போது எனக்குத் தெரியாது.

நர்ஸம்மா அன்று சாயங்காலமே வீட்டுக்கு வந்தார். அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. என்னை எதுவும் கேட்கவில்லை. திண்ணையில் அத்தைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, மோர் வாங்கிக் குடித்துவிட்டு, பீரோவிலிருந்து புத்தகத்தைக் கொண்டுவரச் சொன்னார். மாத்திரை படத்தைத் திறந்து அத்தை மடியில் வைத்தார்.

“வயலுக்கு உரம் போடுறீங்களே, அத்தனையையும் பயிரு எடுத்துக்குதா அத்தை?”

“எங்க எடுத்துக்குது? பாதி வடிகால்ல போவுது.”

“அந்த மாதிரிதான். ஒடம்பு எடுத்துக்கிட்டது போக மிச்ச இரும்பு வெளிய போவுது. அதான் கறுப்பு. புள்ளைக்குப் போறது ரத்தம், அது செவப்பு.”

அத்தை ஒன்றும் சொல்லவில்லை. பத்து வயதிலிருந்து நடவு நட்டவர். மறுநாள் ராத்திரி மாத்திரையை அவரே பிரித்து, எலுமிச்சம்பழத் தண்ணீரோடு கொண்டுவந்து நீட்டினார். சாப்பிட்ட கையோடு டீ குடிக்காதே, டீ இரும்பை உடம்பில் ஒட்டவிடாது என்று நர்ஸம்மா சொல்லிவிட்டுப் போனதையும் என்னைவிட அவர்தான் கண்டிப்பாகக் கடைப்பிடித்தார். நாலரை மணி டீயை எனக்கு ஆறு மணிக்கு மாற்றிவிட்டார். இடையில் நரம்பு வழியாக இரும்புச்சத்தும் ஏற்றினார்கள். ஒன்பதாம் மாதம் 10.6.

நான் திரும்பத் திரும்ப யோசிப்பது அந்தத் திண்ணையைத்தான். அதே குடும்ப நல ஆய்வில் தமிழ்நாட்டில் 100-க்கு 99 பிரசவத்துக்கு மேல் ஆஸ்பத்திரியில் நடப்பதாக இருக்கிறது. அட்டை இல்லாத கர்ப்பிணியைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஆனாலும் கர்ப்பிணிகளில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு ரத்தசோகை. நெல்லும் மீனும் கீரையும் கிடக்கிற எங்கள் பக்கத்திலும் ரத்தமில்லாத கர்ப்பிணிகளை நான் தெருவுக்குத் தெரு பார்க்கிறேன். காரணம் பல. ஆனால் வாழை மரத்துக்கடியில் நான் போட்ட மாத்திரைகளும் அந்தக் கணக்கில் ஒரு மூலையில் இருக்கின்றன. புத்தகம் வீட்டுக்குள் வந்துவிட்டது. அதைத் திறந்து அந்த வீட்டுப் பேச்சில் சொல்ல ஆள் வந்த அன்றுதான் அது வேலை செய்யத் தொடங்கியது.

இன்னொரு புத்தகத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். அது என் அம்மாவின் புத்தகம்.

நான் 1990-இல் நீடாமங்கலம் பக்கத்தில் பிறந்தேன். அம்மா ஐந்தாம் வகுப்பு. நான் பிறந்ததும் யாரோ ஒரு பால்பவுடர் டப்பாவைக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார்கள். கூடவே ஒரு சின்னப் புத்தகம். வழவழப்பான தாள், கொழுகொழுவென்று ஒரு பிள்ளையின் படம். மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை, இத்தனை கரண்டி என்று அட்டவணை. அம்மா கடிகாரத்தைப் பார்த்துப் பால் கொடுத்தார். பிள்ளை நடுவில் அழுதாலும் கொடுக்கவில்லை, நேரம் ஆகவில்லையே. குடிக்கக் குடிக்கத்தான் பால் ஊறும். அந்த விஷயத்தை அந்தப் புத்தகம் அவருக்குச் சொல்லவில்லை. இரண்டே மாதத்தில் பால் நின்றுபோனது. டப்பா வாங்கக் காசில்லாத வாரங்களில் பவுடரைக் குறைத்துத் தண்ணீரைக் கூட்டிக் கலக்கினாராம். “பாட்டி பேச்சக் கேட்டிருந்தாகூட ஒனக்குப் பால் குடுத்திருப்பேன். படிச்சதால கெட்டேன்” என்று இன்றைக்கும் சொல்வார்.

1992-இல் சட்டம் வந்தது. தாய்ப்பாலுக்கு மாற்றான பால் உணவுகளையும் பால்புட்டிகளையும் விளம்பரம் செய்யக்கூடாது, தாய்மாருக்கு இலவசமாகக் கொடுத்துப் பழக்கக்கூடாது என்று. 2003-இல் அதை இன்னும் இறுக்கினார்கள். எங்களுக்கு அது இரண்டு வருஷம் தாமதம்.

அச்சில் இருப்பதற்கு எங்கள் ஊர்களில் அவ்வளவு வலு உண்டு. அது நல்ல பக்கமும் இழுக்கும், கெட்ட பக்கமும் இழுக்கும். இப்போது அச்சின் இடத்தில் போன் வந்திருக்கிறது. 2017 பிப்ரவரியில் தட்டம்மை-ரூபெல்லா ஊசி முகாம் நடந்தபோது, ஊசி போட்டால் பிள்ளைக்கு ஆபத்து என்று வாட்ஸாப்பில் வந்ததைக் கேட்டுப் பள்ளிக்கூடத்திலிருந்து பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போனவர்கள் எத்தனை பேர். 2018-இல் திருப்பூரில், காணொளி பார்த்து வீட்டிலேயே பிரசவம் பார்க்கப்போய் ஒரு பெண் உயிரே போனது. எந்தப் புத்தகம், யார் கொடுத்தது, அதில் யாருக்கு லாபம் என்று அம்மா ஒரு தடவை சூடுபட்டுத் தெரிந்துகொண்டார். அதனால்தான் வளைகாப்பு முடிந்து நான் தாய்வீட்டுக்கு வந்ததும் அம்மா செய்த முதல் வேலை, என் புத்தகத்தை வாங்கி எழுத்துக்கூட்டி முதலிலிருந்து கடைசிவரை படித்தது. பின்னட்டையைத் திருப்பி எந்தக் கம்பெனி பேராவது இருக்கிறதா என்றும் பார்த்தார்.

பிப்ரவரி 2018. பிரசவம் எங்கே என்று சொல்லப்போவதில்லை. வேலை செய்தவர்கள் ராத்திரி பகலாக ஓடிக்கொண்டிருந்தார்கள், அதைப் பார்த்தேன். ஆனால் மனத்தாங்கல் உண்டு. கடைசி மூன்று செக்கப்பிலும் என் எடை ஒரே எண்ணாக எழுதப்பட்டிருந்தது, தராசில் ஏறச் சொல்லாமலே. எனக்கும் ஆபரேஷன்தான். பிள்ளையைத் துடைத்து அம்மா கையில் கொடுத்துவிட்டு, என்னை வேறு அறையில் போட்டார்கள். ஒரு மணி நேரம் போனது. ஒன்றரை ஆனது. வெளியே பெரியத்தை, அப்பாவின் அக்கா, கிண்ணத்தில் சர்க்கரைத் தண்ணீரோடு நின்றார். முதலில் யார் தொட்டு வைக்கிறார்களோ அவர்கள் குணம் பிள்ளைக்கு வரும் என்பது எங்கள் குடும்பத்து நம்பிக்கை. குடும்பத்தில் எல்லாரும் மதிக்கிற மனுஷி பெரியத்தை. அந்தக் கிண்ணத்தைத் தட்டிவிட அம்மாவுக்கு மனசு வருமா?

அம்மா செய்தது இது. பிள்ளையைப் பெரியத்தை கையில் கொடுத்து, “அண்ணி, மொத மொதல்ல நீங்க வாங்கிக்கிட்டீங்க. ஒங்க கொணம் வந்துரும். தண்ணி மட்டும் வேணாம், புத்தகத்துல போட்டிருக்கு” என்றார். பிறகு மஞ்சள் பையிலிருந்து அந்தப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு ட்யூட்டியில் இருந்த நர்ஸிடம் போய், பால் கொடுக்கும் படத்தில் விரலை வைத்து, “ஒரு மணி நேரத்துக்குள்ள குடுக்கணும்னு நீங்கதானம்மா போட்டிருக்கீங்க. எம் மவகிட்ட கொண்டு போங்க” என்றார்.

அம்மா ஆஸ்பத்திரியில் யாரையும் எதிர்த்து ஒரு வார்த்தை பேசி நான் பார்த்ததில்லை. டோக்கன் கொடுப்பவரைக்கூட ‘ஐயா’ என்பவர். அன்று அவருக்கு அந்தக் குரலைக் கொடுத்தது அந்தப் பக்கம். அடுத்த பத்து நிமிஷத்தில் பாப்பா என் பக்கத்தில் கிடந்தாள். சீம்பால் மஞ்சளாக, பிசுபிசுவென்று இருந்தது. அத்தை காலத்தில் அதைக் கெட்ட பால் என்று பீச்சி வெளியே விடுவார்களாம். 2019-21 ஆய்விலும் தமிழ்நாட்டில் பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் கிடைத்த பிள்ளைகள் 100-க்கு ஏறத்தாழ 60 பேர்தான். 99 பேர் ஆஸ்பத்திரியில் பிறந்து, 60 பேருக்குத்தான் பால். அந்த இடைவெளிக்குப் பெரியத்தைகளை மட்டும் குறை சொல்ல முடியாது.

கையேடு தாய்மாரின் நம்பிக்கையை மாற்றுமா என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான். எங்கள் வீட்டில் அது முதலில் மாற்றியது யார் பேசலாம் என்பதை. மருமகளாகப் போன வீட்டில் ‘நான் நினைக்கிறேன்’ என்றால் எடுபடாது. ‘புத்தகத்துல போட்டிருக்கு’ என்றால் நின்று கேட்கிறார்கள். நம்பிக்கை அதற்குப் பின்னால், மெதுவாக, சில சமயம் வராமலும் போகும்.

பிரசவத்தைப் பற்றி எழுதிவைப்பது காவிரிக் கரைக்குப் புதிதில்லை. தஞ்சாவூரில் இரண்டாம் சரபோஜி மன்னர், 1798 முதல் 1832 வரை ஆண்டவர், தன்வந்திரி மகால் என்று ஒரு மருத்துவசாலை வைத்து நோய்களையும் மருந்துகளையும் பதிவு செய்யவைத்தார். அவற்றைத் தமிழ்ப் பாட்டாகவும் எழுதினார்கள். சரஸ்வதி மகால் நூலகம் பின்னால் அச்சுக்குக் கொண்டுவந்தது. அருமையான வேலை. ஆனால் ஏட்டில் இருந்தது அடுப்படிக்கு வரவில்லை. அங்கே மருத்துவச்சியின் கைதான் புத்தகம். திருச்சி மலைக்கோட்டையில் தாயுமானவர் கதை என்ன? காவிரியில் வெள்ளம், பிள்ளைபெறப் போகும் மகளிடம் தாயால் வரமுடியவில்லை, சிவனே தாயாக வந்து பிரசவம் பார்த்தார். ஆபத்தில் ஒரு ஆள் வந்து பக்கத்தில் நிற்க வேண்டும் என்பதுதான் எங்கள் ஊர் மனசு. வெறும் தாள் வந்து நின்றால் அதற்குப் போதாது.

ஜப்பானைப் பற்றித் தெரிந்துகொண்டபோது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அவர்கள் 1942-இல், யுத்த நடுவில், கர்ப்பிணிகளுக்கு ஒரு கைப்புத்தகம் கொடுத்தார்கள். அதைக் காட்டினால் ரேஷனில் கூடுதலாகக் கிடைக்கும். எங்கள் முத்துலட்சுமி பணம் மாதிரியேதான். 1948-இல் தாய்க்கும் பிள்ளைக்கும் சேர்த்து ஒரே புத்தகமாக்கி, 1966-இல் இன்னும் விரிவாக்கினார்கள். அங்கிருந்து இந்தோனேசியா போன்ற நாடுகளுக்கும் போனது. உலக சுகாதார நிறுவனமும் 2018-இல், நான் பிள்ளை பெற்ற அதே வருஷம், வீட்டிலேயே வைத்துக்கொள்ளும் இப்படிப்பட்ட பதிவேடுகளைப் பரிந்துரைத்தது. என்னைப் பிடித்து நிறுத்தியது ஒரே ஒரு விஷயம். ஜப்பான் புத்தகத்தில் தாய் தன் கையால் எழுதுவதற்குப் பக்கங்கள் இருக்கின்றன. பிள்ளை முதலில் எப்போது சிரித்தது, எனக்கு என்ன பயம், இந்த மாதம் எப்படி இருந்தது என்று.

எங்கள் அட்டையில் எனக்கென்று ஒரு வரிகூட இல்லை. எல்லாக் கட்டத்திலும் வேறு யாரோ எழுதுகிறார்கள். சரி, ஓரம் இருக்கிறதே என்று நான் ஓரத்தில் எழுத ஆரம்பித்தேன். மாத்திரை படத்துக்குப் பக்கத்தில்: ‘கறுப்பாகத்தான் போகும். பயப்படாதே. வடிகால் கணக்கு.’ பால் படத்துக்குக் கீழே: ‘பத்து நாளைக்கு வலிக்கும். பிறகு சரியாகும். அம்மா சொன்னது நிஜம்.’ ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் என்ற இடத்தில் நிறைய எழுதியிருக்கிறேன். பாப்பாவுக்கு அது சித்திரை, வைகாசி வெயில். “பச்சப்புள்ள தொண்ட காயாதா? ஒரு சங்கு தண்ணி ஊத்தினா என்ன?” என்று அத்தை போனில் தினம் கேட்பார். தாய்ப்பாலில் 100-க்கு 87 பங்கு தண்ணீர்தான் என்று நர்ஸம்மா சொன்னதைச் சொன்னேன். “அப்ப நீ நெறைய குடி” என்றார். பிள்ளை பெற்றவளுக்குத் தண்ணீர் கொடுத்தால் வயிறு பெருத்துவிடும் என்று எனக்கு அளந்து கொடுக்கச் சொன்னவரும் அவரேதான். ஒரு நம்பிக்கை இன்னொன்றை இப்படித் தள்ளிவிடும் என்று நான் நினைத்ததில்லை.

ஏழாவது மாதம் புகுந்த வீட்டில் பாப்பாவுக்கு வயிற்றுப்போக்கு. ஒரே நாளில் கண் உள்ளே போய்விட்டது. ‘மாந்தம்’ என்றார் அத்தை. பாலை நிறுத்து, மந்திரித்துவிட்டு வரலாம் என்றார். புத்தகத்தில் மாந்தம் என்ற சொல்லே இல்லை. வயிற்றுப்போக்கு என்று இருந்தது, உப்புச்சர்க்கரைக் கரைசல் என்று இருந்தது. இரண்டும் ஒன்றுதானா என்று எனக்கே சந்தேகம். நர்ஸம்மாவுக்குப் போன் போட்டோம். “மந்திரிச்சிக்கிங்க, நான் வேணாங்கல. ஆனா பால நிறுத்தாதீங்க. கரைசலக் குடுத்துக்கிட்டே போங்க. கண்ணு சொருகினா, பால் குடிக்க மாட்டேன்னா, ஒரு நிமிஷம் நிக்காம 108-க்கு அடிங்க” என்றார்.

பொட்டலம் ஒரு லிட்டர் தண்ணீருக்கு. எங்கள் வீட்டில் லிட்டர் ஏது? சொம்பு, செம்பு, டம்ளர்தான். கடைசியில் ஒரு லிட்டர் வாட்டர் பாட்டிலைக் கழுவி அளந்தோம். தண்ணீரைக் குறைத்தால் உப்பு கூடிவிடும், அது பிள்ளைக்கே ஆபத்து. இதையும் ஓரத்தில் எழுதியிருக்கிறேன், இரண்டு தடவை அடிக்கோடு போட்டு. 1971-இல் வங்கதேசப் போரில் அகதிகள் மேற்கு வங்கத்துப் போங்காவ் முகாமில் காலராவில் செத்துக்கொண்டிருந்தபோது, திலீப் மஹாலனபிஸ் என்ற டாக்டர் நரம்பு ஊசி மருந்து தீர்ந்துபோய் இந்தக் கரைசலை டிரம்மில் கலந்து, பிள்ளைகளின் சொந்தக்காரர்கள் கையிலேயே கொடுத்தார். 100-க்கு 20, 30 பேர் செத்துக்கொண்டிருந்த இடத்தில் சாவு 4 பேருக்கும் கீழே இறங்கியது. அதைப் படித்தபோது எனக்கு அந்த ராத்திரிதான் ஞாபகம் வந்தது: ஸ்பூன் ஸ்பூனாக, விடிய விடிய, நானும் அத்தையும் முறைபோட்டு.

பதினாலு நாளைக்கு ஒரு மாத்திரையும் கொடுத்தார்கள். அத்தை பெயரைக் கேட்டார். ஜிங்க் என்றேன். “நடவுக்கு முன்னாடி போடுற ஜிங்க்கா?” ஆமாம், ஜிங்க் சல்பேட்தான் என்றதும் அத்தை முகத்தில் வந்த தெளிவை நான் எப்படிச் சொல்வேன். ஜிங்க் குறைந்தால் நாற்று எப்படிப் பழுத்து நிற்கும் என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பதினாலு நாளும் ஒரு வேளை தவறவில்லை. போக்கு நாலாம் நாளே நின்றுவிட்டது, நான்கூட விட்டுவிடலாம் என்றேன். “போட்டதப் பாதியில நிறுத்தக் கூடாது” என்றார். மந்திரிக்கவும் செய்தோம். வேப்பிலையும் அடித்தார்கள். பாப்பாவுக்குக் குணமானதில் யாருக்கு எத்தனை பங்கு என்று நாங்கள் பிரித்துப் பேசவில்லை.

புத்தகத்தோடு எனக்குச் சண்டையும் உண்டு. சாப்பாட்டுப் படத்தில் பழத்தட்டு அழகாக இருக்கிறது. எங்கள் வாய்க்கால் வரப்பில் முளைக்கிற பொன்னாங்கண்ணி, கொல்லை முருங்கை, நாகப்பட்டினத்திலிருந்து கூடையில் வரும் சுறா, வயல் கெண்டை இதெல்லாம் எங்கே? பிள்ளை பெற்றவளுக்குப் பால்சுறாப் புட்டும் பூண்டுக்குழம்பும் வைத்துக் கொடுப்பதை, மூன்று மாதம் தாய்வீட்டில் ஓய்வாக வைத்திருப்பதை ஒரு வரியில் நல்லது என்று சொன்னால் எங்கள் பாட்டிகள் அந்தப் புத்தகத்தை எவ்வளவு நம்புவார்கள். குளிப்பாட்டும்போது மூக்கிலும் காதிலும் எண்ணெய் விட்டு ஊதுவது ஆபத்து, எண்ணெய் நுரையீரலுக்குப் போகும். அதையும் தெளிவாக, அந்தப் பழக்கத்தின் பேரைச் சொல்லி எழுத வேண்டும். திருக்கருகாவூர் கர்ப்பரட்சாம்பிகை கோயில் விளக்கெண்ணெயை அத்தை வாங்கி வந்து வைத்திருந்தார். வயிற்றில் தடவிக்கொள்ளலாம், வலி வரட்டும் என்று விளக்கெண்ணெயைக் குடிக்கக் கூடாது. இந்த வித்தியாசத்தை நர்ஸம்மா அரை நிமிஷத்தில் சொல்லிவிட்டார். யாருக்கும் மனசு நோகவில்லை. அச்சில் அந்த அரை நிமிஷம் இல்லை. எங்கள் பக்கத்து நர்ஸம்மாக்கள் நான்கைந்து பேரை ஒரு நாள் உட்காரவைத்துக் கேட்டால் கேள்வி-பதிலாக இன்னொரு இருபது பக்கம் வந்துவிடும்.

புயலுக்கு வருகிறேன். பாப்பாவுக்கு ஒன்பது மாதத் தட்டம்மை-ரூபெல்லா ஊசி நவம்பர் 14, புதன்கிழமை போட்டிருக்க வேண்டும். லேசாக உடம்பு சுட்டது. அடுத்த புதன் போகலாம் என்று விட்டுவிட்டோம். வெள்ளிக்கிழமை புயல். பள்ளிக்கூட முகாமில் நூற்றுக்கணக்கான பேர், தரையெல்லாம் பிள்ளைகள். நாள்கணக்கில் கரண்ட் இல்லை, டவர் இல்லை. நர்ஸம்மா சேற்றில் நடந்து வந்து சேர்ந்தார், அவர் வீட்டுக் கூரையும் போய்விட்டிருந்தது. கூட்டத்தில் தட்டம்மை வந்தால் தீ மாதிரிப் பரவும் என்று அவருக்குப் பயம். ஆனால் எந்தப் பிள்ளைக்கு எது போட்டது, எது பாக்கி என்று கம்ப்யூட்டரில் பார்க்க வழியில்லை. “யாருகிட்ட புத்தகம் இருக்கு?” என்று கேட்டார்.

அத்தை எழுந்து நின்று மஞ்சள் பையைத் தூக்கிக் காட்டினார். “எங்ககிட்ட இருக்கு. ஒம்பதாம் மாசத்து ஊசிதான் பாக்கி.” படிக்கத் தெரியாதவர். எந்தக் கட்டம் காலி என்று அவருக்குத் தெரிந்திருந்தது. முகாமில் ஊசி வந்தபோது பாப்பாதான் முதலில் போட்டுக்கொண்டாள், வைட்டமின் ஏ சொட்டும் சேர்த்து. அட்டை நனைந்து கூழாகிப்போன வீட்டுக்காரிகள் தங்கள் பிள்ளைக்கு எந்த ஊசி போட்டது என்று விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி அழுதாள்.

2021-இல் ஓரகத்தி உண்டானாள். கொரோனா நேரம், நர்ஸம்மாவால் திண்ணையில் வந்து உட்கார முடியவில்லை. தெருவில் நின்றபடி புதுப் புத்தகத்தைக் கொடுத்துவிட்டுப் போனார். அத்தை அந்தப் புதுப் புத்தகத்தைப் பீரோவில் வைத்தார், என்னுடைய பழையதை வெளியே எடுத்தார். “இதப் படி. இதுலதான் எழுதியிருக்கு” என்று அவளிடம் கொடுத்தார். பக்கங்களை அவருக்குப் படத்தாலும் கறையாலும் தெரியும். எண்ணெய்க்கறை பட்டது மாத்திரைப் பக்கம். மருந்து சிந்தியது வயிற்றுப்போக்குப் பக்கம். அவள் எழுத்துக்கூட்டிப் படிக்க, அத்தை வெற்றிலை மடித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருப்பார். நான் எழுதாததையும் நடுநடுவே சேர்த்துச் சொல்வார். அவற்றில் சில தப்பு. அதற்காக அவளும் அவரும் வாதாடுவது எனக்கு உள்ளே கேட்கும்.

போன மாதம் மேலத்தெருவிலிருந்து ஒரு பெண் வந்தாள், ஐந்து மாதம். கறுப்பாகப் போகிறது என்று யாரிடமோ சொல்லியிருக்கிறாள், அவர்கள் எங்கள் வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள். அந்தப் பழைய புத்தகம் வேண்டுமாம். எடுத்துக் கொடுக்கப் போனேன். அத்தை உள்ளேயிருந்து குரல் கொடுத்தார்.

“அசலக் குடுக்காதம்மா. கடத்தெருவுல ஜெராக்ஸ் எடுத்துக் குடு. ஓரத்துல எழுதினதும் வுழுவுதான்னு பாத்து எடு.”